வாய்க்கட்டு

மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் என் மாமனாரின் தாடை அசைபோடத் தொடங்கும். சாப்பாடு போவது மூக்கு வழியாக. மூக்கில் நுழைந்து தொண்டையைத் தாண்டி வயிற்றில் இறங்கும் ஒரு டியூபில் வடிகட்டின பருப்புத் தண்ணீரையும் கேழ்வரகுக் கஞ்சியையும் நான்தான் ஊற்றுவேன். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும். கடைசியில் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, மூடியைப் போட்டு நிமிர்ந்தால் அவர் மென்றுகொண்டிருப்பார். வாயில் ஒன்றும் இருக்காது. கறியமுதுக் காயில் ஏதோ நார் சிக்கின மாதிரி, ரொம்ப நிதானமாக மெல்லுவார். பிறகு என்னைப் பார்த்து, குழறலாக, "பசிக்கறதும்மா" என்பார்.

சம்பத்குமார் என்று கேட்டால் திருச்சானூரில் யாருக்கும் தெரியாது. மடைப்பள்ளி சம்பத் என்றால் ஷேர் ஆட்டோக்காரரே எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பெருமாள் கோயில் ஒன்றின் மடைப்பள்ளியில் தலை நரைக்கும்வரை கைங்கர்யம் செய்தவர். பொங்கல் கிளறினால் நெய் முழங்கை வழியாக வழியும். ஆனால் பெருமாளுக்குக் காட்டும் முன் அதை ருசி பார்க்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. மூச்சுக்காற்று படாதபடி மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் மூடி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வாய்க்கட்டு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தினார் என்று ஊரில் எல்லோரையும்தான் சொல்கிறார்கள். இவர் நிஜமாகவே கட்டிக்கொண்டு நடத்தினார்.

வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தால் முதலில் நெய்தான். சூடான சாதத்தில் ஒரு கரண்டி நெய் விட்டுப் பிசைந்து, முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் வெகுநேரம் புரட்டுவார். அதற்கப்புறம் குழம்பு சாதம் கொஞ்சம், மோர் சாதம் கொஞ்சம். உடனே இலைக்குக் குறுக்கே கையை வைத்து "போறும்" என்றுவிடுவார். கல்யாணமாகி வந்த புதிதில், என் தளிகைதான், என் சமையல்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குக் கோபம் வரும். "மடைப்பள்ளி நெய்யெல்லாம் மூக்கு வழியாவே உள்ள போயிடறதாப்பா?" என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். அந்தக் கேலி இப்படி வந்து நிற்கும் என்று நான் கண்டேனா?

போன ஆவணியில் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறலோடு திரும்பியது. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும், தொண்டை தேறும்வரை டியூப்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். என் கணவர் விஷ்ணுவர்தன் ஸ்ரீ சிட்டியில் வேலை செய்கிறார். விடியலில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். எனக்குப் பக்கத்துத் தெரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை என்பதால் மத்தியானம் ஓடிவந்து ஊற்றிவிட்டுப் போவேன். மற்ற நேரத்துக்கு, குப்பம் பக்கத்துச் சாந்திபுரத்திலிருந்து கமலம்மா என்று ஒரு பெண்மணியை வைத்தோம். என் மாமியார் மரகதவல்லி அவளைத் தளிகை அறை வாசற்படிக்கு மேல் விடமாட்டார். தன் கணவரை மட்டும் முழுசாக அவள் கையில் விட்டிருந்தார். இந்த ஆசாரக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்திருந்தபோது மாமனார் கேட்டார்.

"யாருக்கும்மா சாதிக்கறே?"

எங்கள் வீடுகளில் பரிமாறுவதைச் சாதிப்பது என்போம். "உங்களுக்குத்தாம்பா" என்றேன்.

"எனக்கு எங்க வந்தது? அவர்னா சாப்பிடறார்."

அவர் கண் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. துடைத்த தரையும் ஜன்னல் வெயிலும்தான் இருந்தன.

"யாருப்பா?"

"தெரியலை. பக்கத்துலயே உக்காந்துண்டிருக்கார். பாவம், நன்னா சாப்பிடறார். அவருக்கு ஆனப்புறம் எனக்குக் கொஞ்சம் போடு."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. லாட்ஜில் வேலை பார்க்கிறவளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனாலும் அந்த உச்சிவெயிலில் நானும் அந்தத் தரையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். சிரிஞ்சில் கஞ்சி இறங்குவதைப் பார்த்தேன். அது எங்கே போகிறது என்று நன்றாகத் தெரிந்த எனக்கே, அந்த நிமிஷம், அது வேறு யாருக்கோ போகிற மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன், அதை மறைப்பானேன்?

அதன் பிறகு வீடே அந்தச் சுவரோரத்தைப் பார்க்காமல் நடமாடப் பழகிக்கொண்டது. மாமியார் அந்தப் பக்கம் பெருக்குவதை விட்டுவிட்டார். கமலம்மா தன் பாயைச் சுருட்டி ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"வேற ஏதோ துன்னுக்கினு கீதும்மா" என்றாள் என்னிடம். "நாம இவ்ளோ ஊத்தறோம், வயிறு உப்பிக்கினு கீது. பசி மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது?"

"சும்மா இரு, நீ வேற" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அவள் சொன்னது நிஜம்தான். வயிறு தொட்டால் திண்ணென்று இருக்கும். தாடை மட்டும் வெறும் வாயை மென்றுகொண்டே இருக்கும். பசி தாங்காமல் டியூபைப் பிடுங்கினார். மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போட்டுக்கொண்டு வந்தோம். மறுபடி பிடுங்கினார். கடைசியில் இரண்டு கையையும் பழைய வேட்டித் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தோம். அந்தக் கைகளைக் கட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் மாமனாரின் தம்பி பிரஹ்லாத் சித்தப்பா சித்தூரிலிருந்து வந்தார். ஊரில் எந்த வீட்டு விஷயமானாலும் முறை இன்னதென்று சொல்வதற்கென்றே பிறந்த மனிதர். அண்ணாவைப் பார்த்தார், மெல்லும் தாடையைப் பார்த்தார், அந்த இன்னொருவரைப் பற்றியும் கேட்டுக்கொண்டார்.

"அண்ணா இருக்கற இருப்பு நன்னாயில்லை" என்றார். "உள்ள இருக்கறது அண்ணாதானான்னே தெரியலை. டியூபை எடுத்துட்டு, வாயில தீர்த்தம் விட்டு, நிம்மதியா அனுப்பி வைக்கறதுதான் முறை. ஞாயித்துக்கிழமை விஷ்ணுவும் ஆத்துல இருப்பான். நான் தீர்த்தம் கொண்டுவரேன்."

மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மறுத்துப் பேசவில்லை. என் கணவரிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா என்ன சொல்றாளோ அதான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பசிக்கிறது என்று கேட்கிற மனிதரை எங்கே அனுப்புவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாட்ஜிலிருந்து வந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. ஹாலில் மாமியார் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலறையைக் கையால் காட்டினார்.

உள்ளே மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தாடைக்குக் கீழே வெள்ளைத் துணி கொடுத்து, இரண்டு கன்னத்தோடும் மேலே ஏற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது. தாடை அசையவில்லை. கைகள் இரண்டும் கட்டியபடியே இருந்தன. கால்மாட்டில் கமலம்மா முட்டியில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கட்டிலருகே போய்க் குனிந்தேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

நான் எப்படிக் கத்தாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. முடிச்சை அவிழ்க்க விரல் வளையாமல், துணியைப் பற்றி அப்படியே தலைக்கு மேலே உருவி எறிந்தேன். "என்ன காரியம் பண்ணினே கமலம்மா?"

"சாமிதாம்மா கேட்டாரு" என்று தேம்பினாள். "வாய்க்கட்டு கட்டு, வாய்க்கட்டு கட்டுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. நேரம் வந்துட்ச்சி, அதான் அவரே கேக்கறாருன்னு நெனச்சிக்கினேன். எங்க ஊர்ல வாய்க்கட்டுன்னா இதாம்மா. எங்க நைனா செத்தப்பவும் நான்தான் கட்னேன். அழுதுகினேதாம்மா கட்னேன்."

மாமனாரின் உதடு கோணியது. கொஞ்சம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று புரிந்தது.

"இவ பொணத்துக்குன்னா கட்டிட்டா" என்றார். "நான் மடைப்பள்ளிக் கட்டைக் கேட்டேன். அதைக் கட்டிண்டா பசி தெரியாது. எனக்குப் போகணும்னு இல்லைம்மா. பசிதான்."

அன்றே லாட்ஜில் லீவு சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு ஆட்டோ ஏறினேன். ஆஸ்பத்திரியில் சுமித்ரா என்ற பெண், விழுங்கப் பயிற்சி கொடுப்பவர், முன்பே எங்களுக்குப் பழக்கம். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கொட்டினேன், சுவரோரத்து ஆளையும் சேர்த்து.

"ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல சிலருக்கு அப்படித் தோணும், பயப்படாதீங்க" என்றார் அவர். "ஆனா பசி நிஜம். நீங்க வயித்துக்குச் சாப்பாடு அனுப்பறீங்க, வாய்க்குச் சொல்லாம அனுப்பறீங்க. நாக்குல ருசி பட்டாத்தான், அதுலயும் நெய் வெண்ணெய் மாதிரி கொழுப்பு பட்டாத்தான், சாப்பாடு வருதுன்னு வயித்துக்கும் மூளைக்கும் சேதி போகும். போதும்னு தோணறதுக்கு அந்தச் சேதியும் வேணும். டியூப்ல நேரா இறங்கினா அது அரைகுறையாத்தான் போய்ச் சேரும்."

டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்து முறையைச் சொன்னார். தலையை நன்றாக உயர்த்தி வைக்க வேண்டும். துணியில் தொட்ட நெய்யை நாக்கிலும் கன்னத்துக்குள்ளும் பூச மட்டும்தான் வேண்டும். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குப் போகக் கூடாது. கஞ்சி இறங்கும்போதே பூசி, உடனுக்குடன் துடைத்து எடுத்துவிட வேண்டும். "எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு சொல்ல மாட்டேன். செஞ்சு பாருங்க" என்றார்.

வீட்டில் மாமியார் ஒரே பிடியாக மறுத்தார். "படுத்திருக்கறவர் வாயில ஒண்ணை வெக்கறதுன்னா அது கடைசிக்குத்தான். பிரஹ்லாதன் தீர்த்தம்கறான், நீ நெய்ங்கறே. அதையும் வாயில வெச்சுட்டுத் துடைச்சு எறியறதாம். அமுதை யாராவது அப்படிப் பண்ணுவாளா?"

"அம்மா, அவர் போகணும்னு சொல்லலை. பசிக்கறதுன்னு சொல்றார்" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை முழுக்க என்னிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரஹ்லாத் சித்தப்பா சொன்னபடி வந்தார். தீர்த்தச் சொம்பைத் துணியில் சுற்றி எடுத்து வந்து அலமாரியில் வைத்தார். என் கணவர் கட்டிலறை மூலையில் நின்றார். மத்தியானம் மாமியார் ஈரப்புடவையோடு தளிகை அறையிலிருந்து வந்தார். கையில் வெள்ளிக் கிண்ணம். உருக்கின நெய்யில் ஒரு துளசி இலை மிதந்தது.

"முதல்ல இந்த ஒரு வேளை இவ சொல்றபடி பண்ணலாம்" என்றார் மைத்துனரிடம். "அப்புறம் உங்க தீர்த்தம்."

கமலம்மா கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, மாமனாரின் வலது கையை அவிழ்த்துவிட்டாள். மாமியார் விரலில் துணியைச் சுற்றி நெய்யைத் தொட்டார். நான் சிரிஞ்சை உயர்த்தினேன்.

"யாருக்கு சாதிக்கறே?" என்று மாமனார் மனைவியைக் கேட்டார்.

"பெருமாளுக்கு ஆச்சு. இது உங்களுக்கு."

நாக்கில் நெய் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாடை அசைந்தது, ஆனால் இத்தனை நாள் மென்ற மாதிரி இல்லை. அந்தப் பழைய முதல் கவளத்தைப் புரட்டுகிற மாதிரி மெதுவாக, ஒரு பொருளோடு அசைந்தது. மாமியார் துடைத்தார், மறுபடி பூசினார், துடைத்தார். கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தது. பாதி சிரிஞ்சு இருக்கும்போதே அவிழ்த்துவிட்ட கை எழுந்தது. டியூபைப் பிடுங்கப் போகிறார் என்று என் கணவர் பாய்ந்து வந்தார். கை மூக்குக்குப் போகவில்லை. மார்புக்குக் குறுக்கே, இல்லாத ஓர் இலையின் மேல் போய் நின்றது.

"போறும்" என்றார்.

தாடை நின்றது. மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இன்னொரு கையின் கட்டைத் தானே அவிழ்த்தார். சிரிஞ்சைக் கழுவ எடுத்துக்கொண்டு நான் வாசற்படிக்கு வந்தேன். அங்கே சித்தப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை அடைத்து நின்றிருந்தார்.

பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. சாப்பிட்டு முடித்த மனிதரின் திருப்தியான குரல்.

"பிரஹ்லாதா, வாசப்படியில நிக்கறியே. அவரும் எழுந்துண்டுட்டார், கையலம்பப் போகணும். வழி விடு."

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் சுவரோரத்திலிருந்து மெல்ல நகர்ந்து, அறையைக் கடந்து, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சித்தப்பா திருதிருவென்று விழித்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து, சுவரோடு ஒண்டி நின்று, வழிவிட்டேன்.