குளிர் நாட்டுப் பழம்

பெர்சிக்கு வருஷத்தில் மூன்று தடவையாவது நீர்க்கடுப்பு வந்துவிடும். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். வந்தால் இளநீர், ஊறவைத்த வெந்தயம், உச்சந்தலையில் விளக்கெண்ணெய், அடங்காவிட்டால்தான் டாக்டர். எல்லாவற்றுக்கும் அவள் வைத்திருந்த பெயர் ஒன்றே: சூடு.

2003-ல் நியூஜெர்சியிலிருந்து லீவில் வந்த தம்பி ஜெய்சன் அக்காவுக்கென்று ஒரு பாட்டில் கொண்டுவந்தான். மேலே சிவப்புச் சிவப்பாய்ப் பழம் போட்டிருந்தது. கிரான்பெர்ரி மாத்திரை.

"அங்க லேடீஸ் நெறையப் பேரு எடுக்கிறாங்கக்கா. அடிக்கடி வர்றது கொறையுமாம். தினம் ஒண்ணு போடு."

பள்ளியில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி ராதாமணி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டு வந்து வகுப்பில் தமிழ் இலக்கணம் நடத்துபவள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெர்சிக்குப் பெர்ரி. பேரைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கான் ஒந்தம்பி."

நாலு மாதம் தொந்தரவில்லை. பிப்ரவரியில், பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில், மறுபடி எரிச்சல் கண்டது. டாக்டரிடம் போனால் அரை நாள் லீவு போட வேண்டும். பெர்சி யோசித்தாள். பனி கொட்டுகிற நாட்டில் காய்க்கிற பழம், குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? சூடு கூடினால் குளிர்ச்சியையும் கூட்ட வேண்டியதுதான். ஒன்று நாலாயிற்று.

மூன்றாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். விலாவுக்குப் பின்னால் குத்தியது. கரும்பலகையில் பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ராதாமணிதான் ஆட்டோ பிடித்தாள்.

டாக்டரம்மா மாத்திரை பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"டீச்சர், இது திரும்பத் திரும்ப வராமத் தடுக்கச் சிலருக்கு ஒத்தாசையா இருக்கலாம். வந்துட்ட கிருமியை வெரட்டாது. இப்பக் கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஸ்கூல்ல எம்புட்டுத் தண்ணி குடிப்பீங்க?"

பெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிக்கிறதில்லை."

"சாயங்காலம் வரைக்குமா?"

ராதாமணி குறுக்கே புகுந்தாள். "நானும்தான் டாக்டர். யாருமே குடிக்கிறதில்லை. பாத்ரூம் சாவி ஆபீஸ்ல கெடக்கு. ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துல, கிளார்க் வெள்ளைத்துரைகிட்டக் கேக்கணும். சாவியில ஒரு முழக் கட்டையைக் கட்டி வச்சிருக்காங்க. அதைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டு முழுக்க நடந்தா எட்டாங்கிளாஸ் பிள்ளைக எண்ணும், டீச்சர் எத்தனை தடவை போறாகன்னு."

வேலைக்குச் சேர்ந்த இந்த இருபத்திரண்டு வருஷமாகச் சூடு என்று சொல்லிவந்தது எதுவென்று பெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பியைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்று போடு என்றுதான் அவன் சொன்னான்; நாலு போட்டது கணக்கு டீச்சர்.

மூன்று நாள் ஊசி, அப்புறம் ஒரு வாரம் மாத்திரை. பத்து நாளும் அவளுடைய வகுப்பில் ராதாமணி போய் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமலே திருப்புதல் தேர்வு வைத்து, தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பிள்ளைக்கும் ஒரு தேர்வும் விட்டுப்போகவில்லை. தலைமையாசிரியையிடம் நேரே போய்ப் பேசியதைப் பற்றி மட்டும் பெர்சியிடம் மூச்சு விடவில்லை. அந்த அம்மாள் அறையில் தனி பாத்ரூம் உண்டு. கட்டைச் சாவி விவகாரமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லையாம். பகலில் பூட்டக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார்.

பெர்சி வேலைக்குத் திரும்பிய நாள், இடைவேளையில் பாத்ரூம் பக்கம் போய்ப் பார்த்தால் நாலு டீச்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கையில். பெர்சிக்குப் பின்னால் ராதாமணி.

"ஒனக்காகப் போய்க் கேட்டேன். இப்பப் பாரு, எனக்கே எடமில்லை. பெல் அடிக்கப் போறான்."

பெர்சியின் முறை வந்தது. அவள் திரும்பினாள். "ராதாமணி, ஒனக்கு நான் எப்படி..."

"ஏ, பேசிக்கிட்டு நிக்காத. சீக்கிரம் போ."

"நீ முதல்ல போ" என்று பெர்சி ஒதுங்கி வழிவிட்டாள்.

ராதாமணி தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.