பன்னிரண்டு நாள் இடைவெளி

மனைவி இறந்து ஓராண்டு நெருங்கிக்கொண்டிருந்த ஆகஸ்டு மாதம் முழுவதும் நான் லித்துவேனியாவையும் லாட்வியாவையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். காரணம் என்று ஒன்றும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. லித்துவேனிய மொழியில் நெருப்புக்கு ‘உக்னிஸ்’, கடவுளுக்கு ‘தியேவஸ்’. அக்னியும் தேவனும் அந்தக் குளிரில் என்ன செய்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தேன். ஒன்று இன்னொன்றுக்குக் கொண்டுபோனது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய பிரஷ்ய மொழி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பேச ஆளில்லாமல் போனதை வாசித்தேன். வருத்தம் வரவில்லை. அந்த வருடம் எதற்குமே வரவில்லை.

படித்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதுவது என் பழக்கம். உறவில் யாருடைய திதி என்றாலும் காலண்டரைப் பார்த்துச் சொல்பவனும் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து மகள் அழைத்தாள்.

“அப்பா, அம்மாவோட தலைத்திவசம் எப்போ? லீவு போடணும். கடைசி நேரத்துல கேட்டா பாஸ் மூஞ்சியத் தூக்குவாரு லா.”

“செப்டம்பர் அஞ்சு,” என்றேன், யோசிக்காமல்.

அரை மணி நேரத்தில் மறுபடி அழைத்தாள். “கோயில் ஐயருக்குப் போன் போட்டேன். செப்டம்பர் அஞ்சு அம்மா தவறின இங்கிலீஷ் தேதிப்பா. திதி இந்தத் திங்கக்கிழமையே போயிருச்சாம்.”

நோட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்து: ‘லாட்வியாவின் ரீகா நகரம், ரஷ்யப் பேரரசுக் காலம். செய்தித்தாளில் ஒரே நாளுக்கு இரண்டு தேதி அச்சிட்டார்கள், பழைய நாட்காட்டிக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடைவெளி பன்னிரண்டு நாள்.’ அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

“அப்பா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“அமாவாசைக்குச் செஞ்சிடலாம்னு ஐயர் சொல்றாரு. விடுங்கப்பா, அம்மா ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

“சொல்லுவா. பாசாருக்குக் காய் வாங்கப் போயிட்டு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலே வாசல்ல நின்னு கத்துவா.”

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று மூக்குறிஞ்சும் சத்தமானது. நானும் அழ வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. காத்திருந்தேன். வரவில்லை.

“இரு, அமாவாசை என்னைக்குன்னு பாக்குறேன்,” என்று காலண்டர் பக்கம் எழுந்தேன்.

“நீங்க பாக்காதீங்கப்பா. நானே பாத்துச் சொல்றேன்.”

உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்ன தேதியை ரீகாவுக்குக் கீழே எழுதிக்கொண்டேன்.