சிப்பிமேட்டு அம்மி

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது என் வேலையும் போயிற்று. நான் தோட்டத்தில் இருந்தவனல்ல. பினாங்குப் பட்டணத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியன். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள் எல்லாரும் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகள் இருந்த இடத்தில் பதினொரு பிள்ளைகள் மிஞ்சினார்கள். இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள். இளையவன் நான் என்பதால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் மாதா கோயில் சாமியார் என்னை நிறுத்தினார். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல? சூலியா தெருப் பக்கம் பொடி எழுத்தா எழுத ஆள் தேடுறாங்க. போய்ப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் அவரை ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

வேலை சூலியா தெருவுக்குப் பின்னால், யாரோ வியாபாரி வாடகைக்கு விட்டிருந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில். கடலுக்கு அக்கரையில், ஆற்று முகத்துக்குப் பக்கத்தில், வீட்டு உயரத்துக்குச் சிப்பி மேடுகள் இருந்தன. பாசார்ச் சந்தையில் விற்கிற கெராங் சிப்பி மாதிரிதான், ஆனால் கோடிக் கணக்கில், மண்ணோடு மண்ணாக இறுகிப்போய். சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் பல வருஷமாக அதை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி வெட்டும்போது அடியில் மனித எலும்பும் பானை ஓடும் கல் கருவியும் வந்தன. அதை முறையாகத் தோண்ட வெள்ளைக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் அக்கரையிலேயே கூடாரம் போட்டிருந்தார். தோண்டி எடுத்ததெல்லாம் பெட்டி பெட்டியாகப் படகில் எங்கள் கிட்டங்கிக்கு வரும். இங்கே பொறுப்பாக இருந்தவர் அவருடைய உதவியாளர், மெலிந்த, வெயிலில் மூக்கு உரிந்த ஓர் இளம் துரை.

மூன்று பெண்கள் தொட்டியில் ஒவ்வொரு துண்டாகக் கழுவிப் பாயில் உலர்த்துவார்கள். உலர்ந்ததை நான் எடுத்து, எந்த மேட்டில், எந்த ஆழத்தில் கிடைத்ததோ அந்த எண்ணை அந்தத் துண்டின் மேலேயே மெல்லிய பேனாவால் கறுப்பு மையில் எழுதுவேன். எறும்பு அளவு எழுத்து. பிறகு அதன் மேல் வார்னிஷ் ஒரு சொட்டு. துரைக்குத் தமிழ் தெரியாது, பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பதும் என் வேலையாயிற்று.

முதல் நாள் வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "இந்த எலும்பெல்லாம் ஆதாம் ஏவாளுக்கு முன்னயா, பின்னயா?"

"நான் நம்பர் எழுதுறதோட சரி" என்றேன்.

கழுவுகிற பெண்களில் மூத்தவர் ஆயர் ஈத்தாமிலிருந்து வருவார். நாற்பது வயது இருக்கும். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினைந்து வருஷம் மசாலா அரைத்தவர். வியாபாரம் படுத்ததும் கடைக்காரர் ஆட்களைக் குறைத்துவிட்டார். கணவர் முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். அக்கா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கழுவும்போது மட்டும் ஒவ்வொரு பொருளையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்ப்பார். மற்ற இருவரைவிட மெதுவாகத்தான் வேலை ஓடும்.

ஐந்தாவது வாரம் ஒரு பெரிய தட்டைக் கல் வந்தது. பெட்டியைப் பிரித்த துரை அதோடு வைத்த சீட்டு: சிப்பி உடைக்கும் கல். அக்கா அதன் மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் தடவினார். திரும்பவும் தடவினார்.

"வாத்தியாரே, இங்க வாங்க. இது உடைக்கிற கல்லு இல்ல லா. அரைச்ச கல்லு."

"எப்படித் தெரியும்?"

"உடைச்சிருந்தா கொத்துக் கொத்தா புள்ளி விழுந்திருக்கும். இது பாருங்க, வழவழன்னு தேஞ்சி குழிஞ்சிருக்கு. இது அம்மி. துரைகிட்ட சொல்லுங்க."

நான் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று என் விரலுக்கே தெரிந்தது. ஆனால் துரை எழுதியதைத் தப்பு என்று போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை கிடைத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. "அப்புறம் சொல்றேன்கா" என்றேன். கல்லை எண் எழுதாமல் ஓரமாக வைத்தேன். ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

கடைசியில் துரையே கேட்டார், இதற்கு ஏன் எண் எழுதவில்லை என்று. வேறு வழியில்லாமல், இது அரைக்கும் கல்லாக இருக்கலாம் ஐயா என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. குழியின் நுண்ணிய பள்ளங்களில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நிமிர்ந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துக் குலுக்கி, உனக்கு நல்ல கண் என்றார்.

கண்டுபிடித்தது அக்காதான் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும், அது கடந்துவிட்டது. ஈரக் கையோடு நின்றிருந்த அக்கா, "என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

"சரின்னு சொல்றாரு."

"நான்தான் சொன்னேன்ல!" என்று மற்ற பெண்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த அக்கா கண்ண நீங்க எடுத்து வச்சிக்கிட்டீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் போனேன். முதலில் அக்கா வந்தார். நடந்ததை அவரிடமே சொன்னேன். கேட்டுவிட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்.

"கோவமாக்கா?"

"கோவந்தான்" என்றார். "பதினஞ்சு வருஷம் அரைச்ச கை இது, உங்களுக்கு என்னா தெரியும்? சரி, நீங்களா வந்து சொன்னீங்கல்ல. அவருகிட்டயும் சொல்லிருங்க."

துரை வந்ததும் சொன்னேன். வேலையை விட்டே அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு கல்லைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய், அந்த ஈரத் தரையிலேயே குந்தினார். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துச் சொல் என்றார்.

அன்று காலை முழுவதும் வேலை நடக்கவில்லை. அக்கா கல்லின் முன்னால் மண்டியிட்டு, இல்லாத குழவியைப் பிடித்து அரைத்துக் காட்டினார்.

"குழவிய ரெண்டு கையாலயும் புடிச்சாலும் அழுத்துற கை ஒன்னுதான். இந்தக் கல்லுல இடது பக்கம் குழிஞ்சிருக்கு. என்ன மாதிரி, இடது கைக்காரவங்க."

பெண்ணா என்று துரை கேட்டார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? கைதான் தெரியுது." பிறகு அந்தச் சிவப்பைக் காட்டி, "மிளகாயா?" என்றார்.

துரை சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் மிளகாய் கிடையாது. இந்தச் சிவப்பு செங்காவிக் கல்லின் தூள். அந்தக் கல்லை அரைத்துத் தூளாக்கி, இறந்தவர்களின் எலும்புமேல் பூசிப் புதைத்திருக்கிறார்கள், அக்கரையில் அப்படி எலும்புகள் கிடைத்திருக்கின்றன என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அக்கா அந்தச் சிவப்பில் விரலை வைத்தார்.

"அப்ப சமையலுக்கு அரைக்கல. செத்தவங்களுக்கு அரைச்சிருக்காங்க. நாமளும் மஞ்சப் பூசித்தானே அனுப்புறோம்."

அதை மொழிபெயர்த்தபோது துரை தன் குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு மழை நாட்களில் அவர் எங்களோடு உட்கார்ந்து பேசுவார். எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவர்கள் என்று அவருக்கே நிச்சயம் இல்லை. ஆனால் அலைந்து திரிந்த மனிதர்கள் எப்படி ஓரிடத்தில் தங்கினார்கள் என்பதை இந்த மேடு காட்டுகிறது என்பார். வாசலிலேயே சேற்றில் சிப்பி கிடைத்தால் எதற்கு நடக்க வேண்டும்? தங்கினால் பானை செய்யலாம். பானை உடையும், ஆனால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. இறந்தவர்களைப் பக்கத்திலேயே புதைக்கலாம். வேறு நாடுகளில் ஆற்றங்கரையில் தானியத்தை விதைத்தார்கள். தின்றது போக மிஞ்சியது. மிஞ்சியதைக் காக்கச் சுவர் வந்தது. சுவருக்குள் தச்சனும் குயவனும் வந்தார்கள். எவ்வளவு இருக்கிறது என்று குறித்துவைக்கக் கோடு கிழித்தார்கள், அதுதான் பின்னால் எழுத்தானது. சிந்து ஆற்றுப் பக்கம் சாக்கடை கட்டிய செங்கல் நகரம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் படித்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அக்காவுக்கு ஒரு சந்தேகம். "ஒரே எடத்துல அத்தன பேரு இருக்கணும்னா சண்டை வருமே. அத யாரு தீத்து வச்சாங்கன்னு கேளுங்க."

துரை வாய்விட்டுச் சிரித்தார். "அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கண்டுபிடிப்பு. அதற்குக் கல்லோ ஓடோ சாட்சி கிடைப்பதில்லை" என்றார்.

அவர் பதிவேட்டில் அந்தக் கல்லின் பெயரை அடித்துத் திருத்தினார். அடுத்த பெட்டியிலிருந்து கற்கள் எல்லாம் முதலில் அக்காவின் கைக்குப் போயின. ஏற்கெனவே எண் எழுதி வைத்திருந்தவற்றையும் அவர் திரும்பத் தடவிப் பார்த்தார். உடைக்கும் கல் என்று நாங்கள் ஒதுக்கியிருந்தவற்றில் இன்னும் நான்கு அரைத்த கற்கள். ஒன்றில் மட்டும் அவருக்கும் துரைக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இருவர் சொன்னதையும் எழுதிவைக்கச் சொன்னார் துரை. எழுதினேன்.

எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. பெட்டிகள் சிங்கப்பூருக்குக் கப்பலேறின. துரையும் போய்விட்டார். அக்கா, தெருவில் வியாபாரம் நிமிர்ந்தபோது பழைய கடைக்கே திரும்பினார். என்னையும் இரண்டு வருஷம் கழித்துப் பள்ளியில் திரும்பக் கூப்பிட்டார்கள்.

எங்களிடம் இருந்த சரித்திரப் பாடம் ராஜாக்களில் தொடங்கும். நான் அதற்கு முன்னால் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சிப்பி பொறுக்கவைத்து, ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை தின்னும், ஒரு மேடு எழும்ப எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் போடவைத்தேன். ஒரு நாள் பள்ளி மேற்பார்வையாளர் வந்து பின்னால் நின்று கேட்டார். இது பாடத்திட்டத்தில் இல்லையே என்றார். இல்லை ஐயா என்றேன். தடுக்காமல் போனார். அவருக்கும் நன்றி.

அந்த எட்டு மாதத்தில் என் குடும்பம் பட்டினி கிடக்கவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் நான் அதிகம் கடமைப்பட்டிருப்பது கோபத்தை மறைக்காமல் சொல்லி, அதே மூச்சில் என்னை மன்னித்த ஒரு பெண்ணுக்கு. வகுப்பில் ஒரு பிள்ளை என் கணக்கைத் திருத்தும்போது, யார் சொன்னது என்று பலகையில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதுவேன். ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை.