பெரியப்பாவின் கணக்கில் ஆறே முக்கால் மணி நேரம்

தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு இணைச்சீர். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை உடன்பிறந்தவளும் பிடித்து நிற்கிற சீர் அது. எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு நான் ஒரே அக்கா. தோஹாவில் ஆஸ்பத்திரி வேலை எனக்கு. மூன்று நாள் லீவு வாங்கவே தலைகீழாக நிற்க வேண்டியிருந்தது. அதனால் சீர் நடக்கும் அன்று காலை விமானம்தான் கிடைத்தது. டிக்கெட்டைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஏழு மணிக்குப் புறப்பாடு, ஒன்றே முக்காலுக்குக் கொச்சி. அங்கிருந்து பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குக் காரில் மூன்று மணி நேரம்.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"கண்ணு, ஒன்னே முக்காங்கறது அந்த ஊரு மணி. நம்மூருக்கு ரெண்டரை கூட்டோணும். நாலேகாலுக்கு எறங்கி, பொட்டி எடுத்து, கொழிஞ்சாம்பாறை வந்து சேர ராத்திரி ஆயிரும். சீருக்கு உன்ற சித்தப்பன் மவள நிறுத்திக்கறோம். நீ முகூர்த்தத்துக்கு மெதுவா வா."

மெதுவா வாவாம்! எனக்கு வந்ததே கோபம்.

"இல்லீங் பெரியப்பா. எறங்கற மணி எறங்கற ஊரு மணிதானுங். கொச்சிக்கு மூவாயிரம் கிலோமீட்டருங். நாலேகால் மணி நேரத்துல வந்துரும். நீங்க சொல்றாப்டி பாத்தா ஆறே முக்கால் மணி நேரம் பறக்கோணும். அதென்ன டவுன் பஸ்ஸுங்களா, நின்னு நின்னு வர?"

"நாப்பது வருசமா மணி பாத்து வாய்க்காத் தண்ணிக்கு மொற விட்டவன் நானு. எனக்கு மணி சொல்லித் தர்றியா?"

போனை வைத்துவிட்டார்.

விமானத்தில் முன்சீட்டுத் திரையில் மிச்ச தூரம் குறையக் குறைய அதைப் படமெடுத்துக்கொண்டே வந்தேன். சாட்சி வேண்டுமே! கொச்சியில் சக்கரம் தரையைத் தொட்டபோது என் கடிகாரத்தில், தோஹா மணி பதினொன்றே கால். இரண்டரையைக் கூட்டினேன். ஒன்றே முக்கால். பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

பட்டுச்சேலையை விமான நிலையத்திலேயே கட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். குதிரான் சுரங்கத்துக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றபோது கண்ணாடியை இறக்கி எட்டி எட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் வழி விட்டது.

மண்டபத்தில் நுழையும்போது ஐந்தே முக்கால். சித்தப்பா மகள் அலங்காரத்தோடு மேடையில் தயாராக நின்றாள். என்னைக் கண்டதும், "அக்கா வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள், நல்ல பெண். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிளேன வெரசா ஓட்டியாந்துட்டானாட்ட இருக்குது" என்றார்.

"ஆமாங் பெரியப்பா" என்றேன். ஜெயித்தவளுக்கு விட்டுக்கொடுக்க என்ன கஷ்டம்?

சரியாக ஆறு மணிக்குக் கூறைச்சேலையின் முனை என் கைக்கு வந்தது. மறுமுனையைப் பிடித்திருந்த தம்பி, பெரியப்பா காதில் நன்றாக விழும்படி சொன்னான்.

"நீ வராம நான் இதத் தொட்டே இருக்க மாட்டேங்க்கா."