வால்புர்காவின் அக்கார்டியன்

“பல்லு வேணும்னா உன் பல்லைக் காட்டுடா! வாசிச்சது என் விரலு. எவளோ ஒருத்தி என் பெட்டியை மாட்டிக்கிட்டு இளிப்பாளா?” தம்பியைப் பார்த்து வால்புர்கா கத்தினாள். கையில் பால் வாளி.

தம்பி கொர்பினியன் மசியவில்லை. “டிவிக்காரங்க சொல்றாங்கக்கா. அங்க யாரும் நிஜமா வாசிக்கிறதில்ல, டேப்புதான் ஓடும். சத்தம் உன்னோடது, மூஞ்சி மட்டும் வேற. ஒரே ஒரு தடவை.”

நான் பக்கத்துப் பண்ணைக்காரி. அவள் அடுப்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். “ஒரு தடவைதானேடி, விட்டுத்தொலை” என்று நானும் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வால்புர்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மாடு உதைத்து முன்பல் இரண்டு போயிருந்தது. அப்பா செத்ததும் அவருடைய அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டவள். தம்பிக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். எங்கள் பவேரிய மலைப்பக்கம் கல்யாணம் என்றால் அக்கா, தம்பி, ஒரு டிரம்காரன், மூன்று பேரும் வந்துவிடுவார்கள். பழைய நாட்டு மெட்டில் புதுப் பாட்டு கட்டுவார்கள். எண்பத்து நாலில் ஒரு பாட்டு ரேடியோவில் போய், ஜெர்மனி முழுக்க அதையே பாடியது. அப்புறம்தான் டிவி கூப்பிட்டது.

என் புருஷன் செத்த வருஷம்தான் கலர் டிவி வாங்கினேன். அதில்தான் பார்த்தோம். அக்கார்டியனை மாட்டிக்கொண்டு ஸில்கே என்று ஒரு பட்டணத்துப் பெண், நல்ல அழகு.

“இழுக்க வேண்டிய எடத்துல துருத்தியை மூடுறா பாரு” என்றாள் வால்புர்கா.

அந்த ஒரு தடவை மூன்று வருஷம் நீண்டது. அடுத்த ரெக்கார்டுக்கும் வால்புர்காதான் வாசித்தாள். “அடுத்த மேடையில நீதான்க்கா” என்று தம்பி சத்தியம் பண்ணியிருந்தான். ரெக்கார்டு அட்டையில் ஸில்கே படம், ஸில்கே பேர். மேடைகளிலும் டேப்பையே ஓட்டினார்கள்.

எண்பத்தேழில் எங்கள் ஊர் தீயணைப்புப் படைக்கு நூறு வயது. ஞாயிறு மத்தியானம், பெரிய கூடாரம், கொர்பினியன் கச்சேரி. எங்கள் பக்கம் யாராவது மேடைக்கு ஒரு சுற்று பீர் அனுப்பினால், அதைக் குடித்தவர்கள் அவர் கேட்கும் பாட்டை வாசித்தே ஆக வேண்டும். பட்டணம் சுற்றியதில் கொர்பினியன் அதை மறந்துவிட்டான் போல. யார் அனுப்பியது என்றுகூடக் கேட்காமல் மடமடவென்று குடித்தான்.

வால்புர்கா பெஞ்சு மேல் ஏறினாள். “உதைக்கிற பசு ஆட்டம்!”

பால் கறக்கும்போது அவள் கட்டின மெட்டு. ஊரே ஆடியிருக்கிறது, ஆனால் எந்த டேப்பிலும் கிடையாது.

கூடாரம் முழுக்கக் கை தட்டிக் காத்திருந்தது. கொர்பினியன் முகம் வெளுத்துவிட்டது. ஸில்கே அக்கார்டியனைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. நிக்கச் சொன்னாங்க, நின்னேன்.” அழுதுகொண்டே இறங்கிப் போனாள். டிரம்காரனும் குச்சியைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனான்.

“அக்கா, மேல வாக்கா. நீயே வாசி” என்று கொர்பினியன் மைக்கிலேயே கெஞ்சினான்.

“இப்பத்தான் என் மூஞ்சி ஞாபகம் வருதா? மிச்ச பீரையும் குடிடா, சூடாயிடப் போகுது.”

அவள் ஏறவில்லை. அதற்கப்புறம் அந்தக் குழு எங்கேயும் ஏறவில்லை. அக்கார்டியனை யாரோ அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது.

அன்றைக்கு அவள் மேடைக்கு அனுப்பியது மூன்று குவளை பீர். செலவு பத்தொன்பதரை மார்க்.