தீபாவளிக்குப் பிறகு போட்ட ஊசி

எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான்: தீபாவளி முடியட்டும். கண் ஆபரேஷனா, காதுகுத்தா, ஒழுகுகிற கூரையை மாற்றுவதா, எல்லாம் தீபாவளிக்கு அப்புறம். சிவகாசியைச் சுற்றி இருப்பவர்களுக்கு வருஷமே அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் ஓடுகிறது. பட்டாசுக்காரர்களை மட்டும் சொல்வானேன்? காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் நானும் அதே ரகம்தான்.

அப்பாவுக்கும் அத்தைக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று விருதுநகரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா ஆடி மாதமே சொல்லிவிட்டார். அப்பா பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். அத்தை அவருடைய அக்கா, அடுத்த தெருவில் தனியாக இருந்தார். அச்சங்குளத்துக்குக் கம்பெனி வேனில் போய் முப்பது வருஷம் வெடிக் குழாய்களில் மருந்து அடைத்தவர். அந்தத் தூசிதானோ என்னவோ, நாலு படி ஏறினாலே அவருக்கு இளைக்கும்.

டாக்டரம்மா எதையும் கூட்டிச் சொல்லவில்லை. வயதானவர்கள் உடம்பில் இந்த ஊசி இளவட்டங்களுக்குச் செய்கிற அளவுக்கு வேலை செய்யாது, போட்டாலும் காய்ச்சல் வரலாம், ஆனால் அது நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் படுக்கப் போடும் ஆபத்து குறையும் என்றார். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டுமாம். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பிடிக்குமாம், அதனால் மழைக்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள் என்றார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் அச்சகத்தில் ஆர்டர் குவிந்தது. தீபாவளி முடியட்டும் என்று சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வீட்டில் சும்மா இருக்கமாட்டாத அப்பா, தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் சொந்தக்காரர் ஒருவரின் பட்டாசுக் கடையில் போய் உட்கார்ந்தார். மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து இறங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டேதான் விலை கேட்டார்கள். தீபாவளிக்கு மறுநாளே அப்பாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் ஊசி போட்டேன். அத்தை அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். ஊசி போட்ட மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

கிருமி ஊசிக்கு முன்னாலேயே உள்ளே போயிருக்கும், ஊசியால் அந்தக் காய்ச்சல் வராது என்றார் டாக்டரம்மா. அப்பா காதில் வாங்கினால்தானே. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கட்டிலில் படுத்தபடியே ஒரே கதை.

“நல்லாத்தான் இருந்தேன். இவன் கொண்டுபோயி ஊசியப் போட்டான், படுத்துட்டேன்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் என் எரிச்சல். ஊசி போட்டோம், அவர் படுத்தார். நான் பதிலுக்கு இரண்டு வாரக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தால், வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒரு அறையில் இத்தனை ஆட்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்று காலமெல்லாம் கம்பெனியில் ஆட்களைத் திட்டித் தீர்த்தவர் அப்பா. அந்த விதியால் விபத்து வராமல் போகாது, வந்தால் போகிற உயிர் குறையும், அவ்வளவுதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இந்த ஊசியும் அப்படித்தானே அப்பா என்று கேட்டேன். அது வேற, இது வேற என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் அவர் எழுந்துவிட்டார். அத்தைதான், தனக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நேரில் போய்க் கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். தம்பி சொல்லிவிட்டால் அத்தைக்கு அப்பீல் கிடையாது. அதற்குள் புத்தாண்டு காலண்டர் லோடு கிளம்பும் நேரம் வந்தது, நானும் அவரை விட்டுவிட்டேன்.

மார்கழியில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் உதடு நீலம் பாரித்து, பேசக்கூட மூச்சில்லாமல் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினோரு நாள் ஆக்சிஜன். பரிசோதனையில் அதே ஃப்ளூதான் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அப்பாவைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. டாக்டரம்மாவும் பண்ணமாட்டார். நடக்காமல் போயிருக்கலாம், இவ்வளவு மோசமாகாமல் இருந்திருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன ‘லாம்’களை வைத்துக்கொண்டு யாரை நம்ப வைப்பது?

பிழைத்து வந்தார். இப்போது எங்கள் வீட்டோடு இருக்கிறார். கட்டிலிலிருந்து கழிவறைக்குச் சுவரைப் பிடித்தபடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றுவிடுகிறார். இன்னொரு காய்ச்சலை அந்த நெஞ்சு தாங்காது. அதனால் இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே லீவு சொல்லிவிட்டு, ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சையே எடுத்தேன். வாங்க அத்தை, போய் ஊசி போட்டுட்டு வந்திருவோம் என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். குரலில் அவ்வளவு பாசம்.

“கோவிச்சுக்காதலே. அம்புட்டு நாளு ஆக்சிசன்ல கெடந்தேன்ல, அப்பவே நெனச்சேன். நல்லவேள, அந்த ஊசியப் போடல. அதையும் போட்டிருந்தா போயிச் சேந்திருப்பேன்.”

கதவருகே நின்ற அப்பா, ஆமாம் என்று தலையாட்டினார்.