குதிகாலின் கனம்

அன்று கீழ்பென்னாத்தூரில் அந்தப் புதுத் துணிக்கடை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கடை முதலாளி, அவர் மனைவி, பூஜைக்கு வந்த ஐயர், ஒரே நிறத்தில் புடவை கட்டிய விற்பனைப் பெண்கள் ஆறு பேர், பேனர் கட்ட வந்த ஓர் ஆள். எங்கள் பக்கம் ஐந்து பேர். குழுவை நடத்தும் அண்ணன், கீழே நின்று தாங்கும் இரண்டு பேர், மேலே ஏறும் பெண், நான். ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை நான் பார்க்கவே இல்லை. எனக்கு அன்று ஒரு ஜோடிக் கால்கள்தான் கண்ணில் இருந்தன.

டிவியில் கிரிக்கெட் நடக்கும்போது ஓரத்தில் பெண்கள் ஆடுவார்களே, அதைப் பார்த்து அண்ணன் ஆரம்பித்த குழு இது. கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, தனியார் பள்ளி விளையாட்டு விழா என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போவோம். ஆடிக்கொண்டே இருந்து, நடுவில் ஒரு பெண்ணைத் தூக்கித் தலைக்கு மேலே நிறுத்துவோம். அவளுக்கு டாப் என்று பெயர். அவள் பாதங்களை உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளும் இருவர் பேஸ். பின்னால் நின்று அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்திருப்பவள் பேக். எண்ணிக்கை சொல்வது பேக். சரியில்லை என்றால் ‘இறக்கு’ என்று குரல் கொடுப்பதும் அவள்தான். அவள் சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது. டாப் விழுந்தால் முதலில் அணைத்துப் பிடிக்க வேண்டியவளும் அவளே.

நான் பேஸாகத்தான் இருந்தேன். அது எனக்கு ஒத்துவந்த இடம். கையில் ஒரு பாதம் இருக்கும், தாங்க வேண்டும், அவ்வளவுதான். முடிவெடுப்பது வேறு யாரோ. பேக்காக இருந்த அக்கா கல்யாணமாகி ஓசூர் போனதும், உயரமாக இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அண்ணன் என்னைப் பின்னால் நிறுத்தினார்.

நான் கவலைப்படுகிறவள். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, சிறுமையாகவும் சொல்லவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் போர்வை, விரிப்பு துவைக்கும் வேலை எனக்கு. உலர்த்திவிட்டு வந்த பிறகு கயிறு அறுந்துவிடுமோ என்று மறுபடி மாடிக்குப் போவேன். வேங்கிக்காலில் என் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். படித்தவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் மணி என்ன என்று கேட்கவும் யோசிப்பேன். இப்படிப்பட்டவள் கையில் ‘இறக்கு’ என்ற வார்த்தையைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆரம்பத்தில் டாப் பெண் ஏறுவதற்குள்ளேயே இறக்கினேன். தோள் உயரம் வந்ததும் இறக்கினேன். கால் நடுங்குகிறது என்று இறக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்தப் பெண் ஒரு தடவைகூட முழு உயரத்துக்குப் போகவில்லை.

“உன்ன பஸ்ல கண்டக்டரா போட்டா வண்டி ஸ்டாண்டை விட்டே கிளம்பாதும்மா,” என்றார் அண்ணன்.

இடப்பக்கம் தாங்கும் அக்கா மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “விடுண்ணா. இவ பயந்தா நமக்கு ரெஸ்ட்டு. கை வலி கம்மி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் அண்ணன் சிரிக்கவில்லை. “துணிக்கடை ஆர்டர் ஒண்ணு வருது. அதுல சும்மா சும்மா இறக்கினீன்னா வேற ஆள் பாத்துக்குறேன். தப்பா நினைக்காத,” என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த இடமும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவதற்கு ஓர் ஆள்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியாது. துவைக்கும் கல்லோடு எவ்வளவுதான் பேசுவது?

தைரியம் எனக்கு யார் சொல்லியும் வரவில்லை. வெயிலால் வந்தது. ஒரு நாள் காலை பயிற்சிக்கு மைதானத்தில் கிழக்குப் பார்த்து நின்றுவிட்டோம். அண்ணாந்து பார்த்தால் சூரியன் நேராகக் கண்ணில். டாப் பெண்ணின் உடம்பே தெரியவில்லை, வெறும் வெளிச்சம்தான். கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் கைகள் மட்டும் மிச்சம் இருந்தன. அப்போதுதான் தெரிந்தது, கால் எப்போதுமே நடுங்கிக்கொண்டுதான் இருக்கும் என்று. அது ஆபத்து அல்ல. அவள் நிற்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் கவனிக்க வேண்டியது வேறு. குதிகாலில் கனம் இருக்கும்வரை அவள் விழமாட்டாள். முன்னால் சாயத் தொடங்கும்போது குதிகால் லேசாகும். பால் பாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் கையில் தெரியுமே, அந்த மாதிரி.

அன்றைக்குப் பிறகு நான் தேவையில்லாமல் இறக்கவில்லை. கவலை நிற்கவில்லை, அது பாட்டுக்கு மண்டைக்குள் ஓடியது. ஆனால் கை தனியாக ஒன்று சொல்லும். கை சொல்வதைக் கேட்கப் பழகினேன்.

கடைத் திறப்பு வெள்ளிக்கிழமை. முதலாளிக்கு ஓர் ஆசை. கதவுக்கு மேலே பெயர்ப்பலகையைப் பட்டுத்துணியால் மூடியிருந்தார்கள். நாங்கள் தூக்கி நிறுத்தும் பெண் அந்தத் துணியை இழுத்துத் திறக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் திறந்துவிட வேண்டும்.

முதல் தடவை ஏற்றினோம். முழு உயரம். கால் நடுங்கியது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன், ‘இறக்கு’ என்று சொல்லவில்லை. அவள் துணியை இழுத்தாள். பாதி வந்தது, மீதி ஒரு மூலையில் ஆணியில் மாட்டிக்கொண்டது. ஒழுங்காக இறக்கினோம். விற்பனைப் பெண்கள் கை தட்டினார்கள். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமாக இருந்தது. அதோடு முடிந்திருக்கலாம்.

“ஏம்பா, பாதிப் பேரோட கடையைத் தொறக்கச் சொல்றியா?” என்றார் முதலாளி. “இன்னொரு தபா ஏத்துங்க. டைம் ஆவுது.”

மாட்டிக்கொண்ட மூலைக்கு நேர் கீழே திருஷ்டிப் பூசணியை உடைத்திருந்தார்கள். குங்குமமும் விதையுமாகத் தரை வழவழவென்று கிடந்தது. அங்கே நிற்க முடியாது. ஓர் எட்டு தள்ளி நின்றோம். தள்ளி நின்றதால் அவள் சாய்ந்து எட்ட வேண்டியிருந்தது. ஏற்றினோம். மேளக்காரர் இல்லாத குறையை ஸ்பீக்கர் தீர்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். என் கையில் குதிகால் லேசானது.

“இறக்கு.”

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பேஸ் இருவரும் உடனே இறக்கினார்கள், அவள் என் மார்பில் வந்து சாய்ந்தாள், தரையில் நின்றாள். துணி அங்கேயே தொங்கியது. பேனர்காரர் ஏணியைச் சாய்த்து ஏறி, ஒரே இழுப்பில் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ரோட்டில் நின்றவர்கள் அவருக்கு விசில் அடித்தார்கள்.

“முதல்லயே ஏணிக்கு வாடகை எவ்ளோன்னு கேட்டிருக்கலாம் போல,” என்று முதலாளி தன் மனைவியிடம் சொன்னார். எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

திரும்பும்போது வேனில் யாரும் பாட்டுப் போடவில்லை. டாப் பெண்தான் முதலில் பேசினாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெண். “துணிக்கு ஒரு சாண்கூட இல்லக்கா. புடிச்சிருப்பேன்.”

“நான் ஆடவே இல்ல,” என்றாள் இடப்பக்கத்து அக்கா. “நீ ஆடுனியாடீ?”

“இல்லக்கா, கல்லு மாதிரி நின்னேன்,” என்றாள் வலப்பக்கத்துக்காரி.

வேனை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் முன்கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஏம்மா இறக்குன?”

“குதிகால் லேசாச்சுண்ணா.”

“எவ்ளோ லேசு?”

“அதுக்கு மேல விட்டா நான் புடிக்க முடியாது. அவ்ளோ.”

வழக்கமாக இதற்கு முன்னும் பின்னும் பத்து காரணம் சொல்லி, மன்னிப்பும் கேட்டிருப்பேன். அன்று அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அறைக்கு வந்து, விற்பனைப் பெண் ஒருத்தி எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பேஸ் இருவரின் முகமும் தெரிகிறது, டாப் பெண்ணின் சிரிப்பு தெரிகிறது. நான் பேஸ் இருவருக்கும் பின்னால் மறைந்திருக்கிறேன். என் விரல்கள் மட்டும் கணுக்காலைச் சுற்றித் தெரிகின்றன. அவள் கை துணியை நோக்கி நீள்கிறது, பிறகு இறங்குகிறாள். அவ்வளவுதான். யார் பார்த்தாலும் எட்டியிருப்பாள் என்றுதான் சொல்வார்கள். அவள் விழுந்திருந்தால் நான் சொல்லாதது தப்பு என்று ஊருக்கே தெரிந்திருக்கும். விழாததால் நான் சொன்னது சரி என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த இடத்தில் நிற்பவளுக்கு எப்போதும் அப்படித்தான் என்று புரிந்தது. புரிந்ததைச் சொல்லத் திருப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். “சாப்ட்டியா? நான் ஷிஃப்ட்ல இருக்கேன்,” என்று வைத்துவிட்டான். ரசம் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். வீடியோவை மறுபடி பார்க்கவில்லை. கைகளில் அந்த லேசு அப்படியே இருந்தது. அதற்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஆளோடு வந்திருப்பார் என்று நினைத்துத்தான் மைதானத்துக்குப் போனேன். யாரும் புதிதாக இல்லை. அண்ணன் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, “இன்னா நின்னுக்குனு இருக்க, பின்னாடி போ,” என்றார். டாப் பெண் திரும்பிப் பார்க்காமலேயே இரண்டு குதிகால்களையும் என் கைக்குத் தோதாகச் சேர்த்து வைத்தாள்.

துணிக்கடைக்காரர் பேசிய கூலியில் பாதிதான் கொடுத்தார், துணியை ஏணிக்காரர்தானே எடுத்தார் என்று. அண்ணன் அதை எங்களுக்குப் பிரித்தார். மற்ற மூவரும் போனது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தோன்றியிருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறி, கடைக்குள் போய், கல்லாவுக்கு எதிரில் நின்று நானே கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் போனேன். மறுபடியும் போவேன். என் பங்கில் வர வேண்டிய பாக்கி நானூறு ரூபாய்.